கேசினோ படமும் பக்கக் கதவும்

தியேட்டர் மேனேஜர்னா ஓசியில படம் பாக்கற வேலைன்னு ஊரே நெனைச்சுக்கிட்டு இருக்கு. நான் பாக்கறதெல்லாம் படம் பாத்துட்டு வெளிய வர்றவங்க மூஞ்சியத்தான். ரேஷன் கடையிலயோ, பஸ்ஸுலயோ, பேங்க் கவுண்டர்லயோ உக்காந்து, செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கின ஆளா நீங்க? அப்ப வாங்க, பக்கத்துல உக்காருங்க. இது உங்களுக்குத்தான்.

எங்க கடலூர் தியேட்டர்ல ஒரே ஸ்கிரீன். முதலாளி இருக்கறது சிதம்பரத்துல, அங்கயும் அவருக்கு ஒரு தியேட்டர் உண்டு. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "பர்னிச்சர் கடைக்காரர் நம்ம கடலூர் தியேட்டர கோடவுனுக்குக் கேக்கறாருய்யா. அடுத்த படம் ரெண்டு வாரம் நின்னா பாக்கலாம். இல்லன்னா சாவிய குடுத்துடுவேன்"னாரு. எந்தப் படம்னு முடிவு பண்ற பொறுப்ப இத்தினி வருஷத்துல முதல் தடவையா என் தலையில கட்டினாரு. கூடவே ஒரு கண்டிஷன்: ரத்தம் ஜாஸ்தியா இருக்கக் கூடாது, பொம்பளைங்க வர மாட்டாங்க.

நான் எடுத்தது தமிழ் பேசற ஒரு வெளிநாட்டுப் படம். ஆறு பேர் சேந்து கேசினோவக் கொள்ளையடிக்கறாங்க. ட்ரைலர்ல சிரிப்பும் காரும் கடலும்தான், ஒரு சொட்டு ரத்தம் இல்ல. ட்ரைலர நம்பினேன் பாருங்க, என் புத்திய எதால அடிக்கறது? தியேட்டர்ல நாங்க அஞ்சு பேரு. அஞ்சு பேர் சோறும் இந்த ஆறு கொள்ளைக்காரனுங்க கையில மாட்டிக்கிச்சு.

ரெண்டு பேப்பர்

வெள்ளிக்கிழமை ரிலீஸ். சனிக்கிழமை காலையில ரெண்டு பேப்பர்ல விமர்சனம். ஒண்ணுல, இப்படி ஒரு நேர்த்தியான கொள்ளைப் படம் வந்து ரொம்ப நாளாச்சு, கடைசி அரை மணி நேரம் சீட்டு நுனிக்கு வந்துடுவீங்கன்னு எழுதியிருந்தான். இன்னொண்ணுல, படமா இது, கசாப்புக் கடைன்னு எழுதி, குழந்தைகள வீட்டுல விட்டுட்டுப் போங்கன்னு முடிச்சிருந்தான். செல்போன்ல மைக்க மாட்டிக்கிட்டு விமர்சனம் பண்ற ஒரு தம்பி வேற வாசல்ல நின்னு, படம் முதல் பாதி தேன், ரெண்டாவது பாதி தேளுன்னு கத்திக்கிட்டு இருந்தாரு.

எங்க கேண்டீன் மும்தாஜ் அக்கா ரெண்டு பேப்பரையும் வாங்கி எழுத்துக் கூட்டிப் படிச்சாங்க. மடிச்சு போண்டா தட்டுக்கு அடியில வச்சுட்டுக் கேட்டாங்க: "ஏன் தம்பி, இவுங்க ரெண்டு பேரும் ஒரே படத்ததான் பாத்தாங்களா?"

செம்மண்டலம் கஸ்தூரி

அன்னிக்கு மேட்னி. இடைவேளைக்கு லைட் போட்டதும் பக்கக் கதவத் தொறந்து விடறது எங்க வழக்கம், உள்ள வேர்க்கும். தொறந்தா, கும்பல் கும்பலா ஜனம் வெளிய போவுது! கேண்டீனுக்கு இல்ல, சைக்கிள் ஸ்டாண்டுக்கு. பாதிப் படத்துல எழுந்து போறாங்கன்னா என்ன அர்த்தம்? கோடவுனுக்குள்ள கட்டில் பீரோ அடுக்கறது என் கண்ணுக்கே தெரிஞ்சிடுச்சு.

செம்மண்டலத்துல டெய்லர் கடை வச்சிருக்கற கஸ்தூரி, மாமியாரோட ஸ்கூட்டிய எடுத்துக்கிட்டு இருந்தாங்க. எந்தப் படத்தையும் விடாத ஆளு. தைரியத்த வரவழச்சுக்கிட்டு, "ஏம்மா, படம் புடிக்கலயா?"ன்னேன். அவுங்க என்னைப் பாத்து வாயெல்லாம் பல்லா சிரிச்சாங்க. கிண்டல் பண்றாங்கன்னே நெனச்சேன்: "சூப்பர் படம் சார்! சின்னதா, சுத்தமா, யாருக்கும் ஒண்ணும் ஆவாம முடிச்சிட்டான்!"

மூணு வாளி தண்ணி

அதே ஷோவ கடைசி வரைக்கும் பாத்துட்டு, தேவனாம்பட்டினத்துலேர்ந்து வந்த மீன்காரர் ஒருத்தர் நேரா என்கிட்ட வந்தாரு. போட்டுல போறவரு, கை ஒவ்வொண்ணும் துடுப்பு மாதிரி. நான் ரெண்டடி பின்னால போனேன். ரத்தம் ஜாஸ்தின்னு சண்டைக்கு வர்றாருன்னு நெனச்சா, அவர் கோவமே வேற. கொள்ளையடிச்ச ஆறு பேரும் ஒருத்தன ஒருத்தன் குத்திக்கிட்ட அந்த அறையப் பத்தித்தான் அவருக்கு ஆத்திரம்.

"இன்னா சார் படம் எடுக்கறானுங்க? நாங்க ஒரு வஞ்சிரம் அறுத்தா மூணு வாளி தண்ணி ஊத்திக் கழுவுவோம். அவ்ளோ ரத்தத்துல மிஞ்சின ஆளு வெள்ளச் சட்டையோட நடந்து போறான், ஒருத்தன் ஒரு சொம்பு தண்ணி ஊத்தல!"

பரங்கிப்பேட்டை பஷீர் பாய்

ஞாயித்துக்கிழமை காலை ஷோவுக்கு வந்தவரு பஷீர் பாய். வெளிநாட்டு ஹோட்டல் ஒண்ணுல செக்யூரிட்டி கேமரா பாக்கற வேலை, லீவுல வந்திருக்காரு. டீய கையில வச்சுக்கிட்டு, அந்தப் பெட்டக அறைக்குள்ள அப்படியெல்லாம் நுழைய முடியாதுன்னு கால் மணி நேரம் எனக்குக் கிளாஸ் எடுத்தாரு. கேமரா எங்க இருக்கும், ஆளு எப்ப மாறுவான், எல்லாம். கேட்டுட்டு, கேசினோக்காரன் பாவம்னு எனக்கே தோணிடுச்சு. அப்ப படம் புடிக்கலயா பாய்னேன்.

"யாரு சொன்னா? சூதாட்டம் ஹராம். அந்தக் காசு போறதப் பாக்க எவ்ளோ சந்தோஷமா இருக்கு தெரியுமா? சாயங்காலம் மச்சானக் கூட்டிட்டு வர்றேன்."

முதலாளி வந்தாரு

அன்னிக்கே மேட்னிக்கு முதலாளி சொல்லாம கொள்ளாம வந்து கடைசி வரிசையில உக்காந்துட்டாரு. ஒரு மணி பத்து நிமிஷம் வாசல்ல நடந்துக்கிட்டே இருந்தேன். லைட் எரிஞ்சுது, பக்கக் கதவு தொறந்துது, முதல் ஆளா முதலாளி. போச்சுடா! ஆனா மனுசன் என் தோள்ல தட்டறாரு: "நல்ல படம்யா! ரத்தம் இல்ல, சத்தம் இல்ல. வண்டியில ஏறி சிரிச்சுக்கிட்டே போறானுங்க, சுபம். ரெண்டாவது வாரம் ஓட்டு!"ன்னு சொல்லிட்டுக் கார்ல ஏறிட்டாரு.

எனக்கு அப்பத்தான் பளிச்சுன்னு விளங்குச்சு. ஆப்பரேட்டர் ரூமுக்கு ஓடினேன். எங்க ஆப்பரேட்டர் ஆரோக்கியம் ரொம்ப சாது. வெளிநாட்டுப் படத்துல இடைவேளை இருக்காது, நாமதான் ஒரு இடத்துல நிறுத்தணும். முதலாளியோட சிதம்பரம் தியேட்டர்லயும் இதே படம்தான்; அங்க ஆப்பரேட்டர் படத்தப் பாத்து, துப்பாக்கி நெத்தியில இருக்கறப்ப நிறுத்தியிருக்காரு. நம்மாளு கடிகாரத்தப் பாத்து நிறுத்தியிருக்காரு. வண்டி கடற்கரை ரோட்டுல போய் ஸ்கிரீன் இருட்டாவற இடம். இடைவேளைன்னு எழுதின கார்டையும் சேக்க மறந்துட்டாரு. கார்டு இல்ல, லைட் எரியுது, கதவு தொறக்குது. நம்ம ஜனம் என்னிக்கு எழுத்து ஓடற வரைக்கும் உக்காந்துச்சு? பாதி ஊரு முதல் பாதிய முழுப் படம்னு பாத்துட்டு வீட்டுக்குப் போயிடுச்சு.

தலையில கைய வச்சுக்கிட்டு, ஏன்யா அங்க நிறுத்தினேன்னு கேட்டேன். ஆரோக்கியம் என்னை அப்பாவியா பாத்தாரு: "படம் போட்டு ஒரு மணி பத்து நிமிஷத்துல மும்தாஜ் அக்கா போண்டா எடுத்துடுவாங்க சார். ஆறிடும்ல?"

மிச்ச பாதி

திங்கக்கிழமையிலேர்ந்து கார்டு போட்டோம். பாதியில போனவங்க பழைய டிக்கெட்டோட வந்தா மிச்சத்தப் பாக்கலாம்னு வாசல்ல எழுதி ஒட்டினேன். செஞ்ச தப்புக்கு அதையாவது செய்ய வேணாமா? செவ்வாய்க்கிழமை மேட்னிக்குக் கஸ்தூரி வந்தாங்க. தனியா இல்ல, கடையில தைக்கற நாலு பேரையும் புது டிக்கெட் எடுத்துக் கூட்டிட்டு வந்தாங்க. படம் முடிஞ்சு வந்தப்ப கண்ணு செவந்து, முந்தானை நனைஞ்சிருந்துச்சு. கூட வந்த ஒரு பொண்ணு, இதுதான் படம், முதல் பாதி சும்மான்னு சொல்ல, இன்னொண்ணு கண்ணத் தொறக்கவே இல்லன்னு சொல்ல, வாசல்லயே சண்டை. கஸ்தூரி நேரா என்கிட்ட வந்தாங்க.

"அந்த டிரைவர் பையனக் கொன்னுட்டீங்களே சார்! மூணு நாளா அவன் எங்கயோ நல்லா இருக்கான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேனே! நாளைக்கு என் நாத்தனாரக் கூட்டிட்டு வர்றேன், நான் மட்டும் அழுதா போதுமா?"

சிதம்பரம் பஸ்

இப்ப என் பாடு. முதலாளி பாதிப் படத்தப் பாத்துட்டு ரெண்டாவது வாரம் குடுத்துட்டாரு. வாய மூடிக்கிட்டு இருந்தா தியேட்டர் பொழச்சுது. சத்தியமா சொல்றேன், மூடிக்கிட்டு இருக்கத்தான் ஆசைப்பட்டேன். ஆனா அந்த மனுசன் தோள்ல தட்டினது உறுத்திக்கிட்டே இருந்துச்சு. மும்தாஜ் அக்கா, "அல்லா இருக்கான், போய் சொல்லிடுங்க தம்பி"ன்னு ரெண்டு போண்டா கட்டிக் குடுத்தாங்க. புதன்கிழமை காலையில சிதம்பரம் பஸ் ஏறினேன். போண்டாப் பொட்டலத்தப் பிரிக்கவே இல்ல.

முதலாளி காபி குடிச்சுக்கிட்டு இருந்தாரு. கார்டு, கதவு, கசாப்பு, எல்லாத்தையும் ஒரே மூச்சுல கொட்டிட்டேன். அவர் டம்ளர கீழ வச்சாரு. "தெரியும்யா. நேத்து இங்க மேட்னியில உக்காந்தேன். முதல் பாதி தாண்டியும் ஓடுதேன்னு பாத்தா, அய்யய்யோ! பாதி நேரம் துண்ட வச்சு மூஞ்சிய மூடிக்கிட்டேன்"னாரு. நான் கோடவுன் சாவிய நெனச்சுக்கிட்டு நின்னேன். அப்புறம், "பாதியில போனவங்க திரும்பி வர்றாங்களாய்யா?"ன்னு கேட்டாரு. "வர்றாங்க முதலாளி. ஆளோட வர்றாங்க. திட்டிக்கிட்டே வர்றாங்க"ன்னேன்.

"வீட்டுல செல்லுலயே எல்லாப் படமும் வருது. வீட்டுக்குப் போனவன் மிச்சத்தப் பாக்க பஸ் ஏறி திரும்பி வர்றான்னா, அந்த எடத்துல நான் கட்டில் பீரோ அடுக்கறதா? கடைக்காரர வேற எடம் பாக்கச் சொல்லு. எனக்குப் படம் புடிக்கல, நீ ஓட்டு!"

ஆக, நாலு வாரம் நின்ன அந்தப் படத்தப் பத்தி ஊரு இன்னிக்கும் ரெண்டா பிரிஞ்சு சண்டை போடுது, எங்க அஞ்சு பேரையும் காப்பாத்தினது மட்டும் ஆரோக்கியம் போட மறந்த ஒரு கார்டுதான்.