அனல் ஊதிய ஏசி

பட்டறைத் தெருவில் எல்லோருக்கும் அவள் சீட்கவர் அக்கா. கார் இருக்கைகளுக்கு உறை தைப்பது அவள் தொழில். ரெக்சினை மடியில் போட்டுக்கொண்டு, ஊசியைப் பல்லில் கடித்தபடியே ஊர்க்கதை பேசுவாள். எதிர்க்கடையில் காருக்கு வயரிங் பார்த்தவரைத்தான் விரும்பிக் கட்டிக்கொண்டாள். தெரு அவருக்கு வைத்த பெயர் கரண்ட்.

கரண்ட் பெரிய வாயாடி. வண்டியின் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டே தெருமுனை வரை கேட்கும்படி பேசுவார். ஒருநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் சோர்ந்துவிட்டன. பேச்சு மொத்தமாகப் போய், ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது: “போச்சு.”

பசித்தாலும் போச்சு. தூக்கம் வந்தாலும் போச்சு. மகள் போனில் “எப்படிப்பா இருக்கீங்க?” என்று கேட்டால், குழைந்து குழைந்து ஒரு போச்சு. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அக்கா கொஞ்ச நாள் தவித்தாள். பிறகு சொல்லை விட்டுவிட்டு, அதன் ராகத்தைக் கேட்கப் பழகிக்கொண்டாள்.

வாரந்தோறும் அவரை மருத்துவமனைக்குப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போக வேண்டும். அதற்காகவே அவள் கார் ஓட்டக் கற்றாள். அவருடைய வண்டி ரொம்பப் பழசு, ஆனால் வாங்கிய காலத்தில் சொகுசு வண்டி. ஸ்டீரியோவுக்குக் கீழே, ஏசிக்கென்று பொத்தான்களும் சின்னத் திரையுமாக ஒரு பேனல் இருந்தது. அந்தக் கோடையில் அது மக்கர் பண்ணத் தொடங்கியது. காலையில் ஒழுங்காக இருக்கும். வெயில் ஏறியதும் திரை அணைந்துவிடும். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் கேட்காது. துவாரங்கள் மட்டும் அடுப்படிபோல அனலை ஊதும்.

கரண்டோடு ஒன்றாக வேலை பார்த்த ஏசி மெக்கானிக் வந்து பார்த்தார்.

“அண்ணி, கேஸ் இருக்கு. கம்ப்ரஸர் நல்லா இருக்கு. ஃபியூஸும் பாத்துட்டேன். பேனல்தான் செத்துடுச்சு. இந்த மாடலுக்கு இப்ப பேனலே வர்றதில்ல. கண்ணாடிய இறக்கி விட்டுட்டு ஓட்டுங்க.”

அப்படித்தான் ஓட்டினாள். புழுதியும் புகையும் அப்பி, சட்டை நனைந்து, மருத்துவமனை போய்ச் சேரும்போதே கரண்ட் துவண்டுபோவார். பயிற்சி தரும் பெண் படங்களைக் காட்டும்போது நாற்காலியிலேயே கண் சொருகும்.

“இவ்வளவு சோர்வா வந்தா பயிற்சி ஏறாதும்மா,” என்றாள் அந்தப் பெண், வருத்தத்தோடு.

அன்று திரும்பும் வழியில் வண்டி ஒரு வேகத்தடையில் ஏறிக் குதித்தது. செத்துக் கிடந்த திரை பளிச்சென்று எரிந்தது. கொஞ்ச தூரம் குளிர்காற்று வந்து, பிறகு நின்றது. கரண்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார். இடது கை முட்டியால் பேனலின் ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டினார். திரை மறுபடி எரிந்தது. அவளைத் திரும்பிப் பார்த்து, புருவத்தை உயர்த்தி, “போச்சு?” என்றார். கோளாறைக் கண்டுபிடித்துவிட்டால் முன்பெல்லாம் வருகிற அதே முகம்.

“உள்ள எங்கயோ லூஸா இருக்குங்கறீங்களா?”

“போச்சு போச்சு!”

மறுநாள் கடை வாசலில், நிழலில் வண்டியை நிறுத்தி வேலையை ஆரம்பித்தார்கள். அவள் ஸ்க்ரூடிரைவரை எடுத்ததும் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, பானெட்டைக் காட்டினார். முதலில் பேட்டரி வயரைக் கழற்ற வேண்டும் என்று புரிந்துகொண்டாள். பேனலைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் சட்டத்தைக் கழற்ற அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காரின் உட்புறத்தில் எங்கெங்கே கிளிப் ஒளிந்திருக்கும் என்பது சீட்கவர் தைக்கிற கைக்குத் தெரியும். உறையைச் செருகும் தட்டையான கம்பியால் நெம்பி, ஒரு கிளிப்பும் உடையாமல் எடுத்தாள். திருகுகளைக் கழற்றி பேனலை முன்னால் இழுத்தாள். பின்னால் ஒரு கொத்து வயர், கனெக்டரோடு இறுகிக் கிடந்தது. இழுத்தாள். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் பலமாக இழுத்தாள்.

“அமுக்கு!”

தெருவில் யாரோ கத்துகிறார்கள் என்று நினைத்துத் திரும்பினாள். யாரும் இல்லை. கரண்ட் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தார். தன் வாயிலிருந்துதான் அது வந்தது என்று அவருக்கே நம்பிக்கை வரவில்லை.

அவள் கனெக்டரின் பக்கவாட்டிலிருந்த சின்னக் கொக்கியை அமுக்கினாள். அது சுலபமாகக் கழன்று வந்தது.

“ஏங்க, இப்ப என்ன சொன்னீங்க? இன்னொரு தடவ சொல்லுங்க.”

அவர் உதட்டைக் கூட்டினார், குவித்தார். “போச்சு.” எரிச்சலில் தொடையில் அடித்துக்கொண்டார்.

“விடுங்க. வந்தது எங்கயும் ஓடிடாது,” என்றாள்.

பேனலைத் திறந்து, உள்ளேயிருந்த சர்க்யூட் பலகையைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்தாள். எல்லா ஈயப் பொட்டுகளும் அவளுக்கு ஒரே மாதிரி தெரிந்தன. அவர் ஒரு தீக்குச்சியால், பொட்டுகளில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிப் பின்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்து, ஒன்றில் நிறுத்தினார். அந்தப் பின்னைச் சுற்றி முடிபோல ஒரு விரிசல். வெயிலில் பலகை சூடானதும் அது விலகிக்கொள்கிறது, தட்டினால் ஒட்டிக்கொள்கிறது.

ஈயத்தை உருக்கிப் பற்றுவைக்க ஒற்றைக் கையோடு அவரால் ஆகாது. சூட்டுக்கோலை அவள் பிடித்தாள். அவளுடைய மணிக்கட்டை அவர் இடது கையால் பிடித்துக்கொண்டார். முதல் முறை ஈயம் வழிந்து பக்கத்துப் பின்னிலும் ஒட்டிக்கொண்டது.

“போச்சு!” என்றார்.

இந்தத் தடவை அதற்கு அதேதான் அர்த்தம். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். வழிந்ததை உறிஞ்சுகுழலால் எடுத்துவிட்டு, மறுபடி வைத்தாள். பொட்டு பளபளவென்று உட்கார்ந்தது.

எல்லாவற்றையும் பூட்டி, வேண்டுமென்றே வண்டியை உச்சிவெயிலில் காயவிட்டு, பிறகு முடுக்கினாள். திரை அணையவே இல்லை. காற்று ஜில்லென்று வந்தது. ஆனால் கரண்ட் பக்கத்துத் துவாரத்தில் மட்டும் இன்னும் அனல். சமாச்சாரம் கேட்டு ஓடிவந்த மெக்கானிக், காற்றைத் திருப்பும் மடல் உள்ளே சிக்கியிருப்பதைக் கண்டுபிடித்து, அதன் குட்டி மோட்டாரை மாற்றிக்கொடுத்தார். “அண்ணனுக்கு மூளை அப்படியேதான் இருக்கு அண்ணி!” என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் பயிற்சி தரும் பெண் நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, படங்களை எடுத்து உள்ளே வைத்தாள்.

“படத்த பாத்து வராத வார்த்தை வேலைல வந்திருக்கும்மா. வீட்ல வேற என்னத்தக் கழட்டலாம்?”

கழற்றினார்கள். டேபிள் ஃபேன், இஸ்திரிப்பெட்டி, பின்கதவுப் பூட்டு. பல நாட்கள் ஒன்றுமே வராது. அவர் சலித்துப்போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். பூட்டைப் பிரித்த அன்று “திருப்பு” வந்தது. ஃபேனில் “இழு”வும் “விடு”வும் வந்தன. கொஞ்ச காலம் அந்த வீட்டில் உருப்படியாக ஓடும் சாமான் ஒன்றுகூட இல்லை. அக்கா கசங்கிய புடவையோடும், கயிற்றால் கட்டிய கதவோடும் காலம் தள்ளினாள்.

இப்போது அவர் பகலில் அவளுடைய கடையில் உட்கார்ந்திருக்கிறார். சொற்கள் ஒரு கைப்பிடிதான். அவள் பெயர் இன்னும் வரவில்லை. அந்த ஏக்கம் அவளுக்கு உண்டு; மறைப்பதும் இல்லை. போன வாரம் ஜில்லென்ற காருக்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி அவள் ஒரு லாரியை முந்தப் பார்த்தாள்.

“மெதுவா!” என்று ஒரு அதட்டல் வந்தது. புதுச்சொல்.

“வாய் வந்ததும் வராததுமா என்னையே அதட்டறீங்களா?” என்றாள் அவள். ஆனாலும் வேகத்தைக் குறைத்தாள்.