சம்மந்தியின் நெற்றிக்கு எட்டாத சந்தனம்

பெண் வீட்டு வாசலில் மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இன்னா சம்மந்தி, என் நெத்தியத் தொட ஒங்களுக்கு மனசு வரலியா? பொண்ணு குடுக்க இஷ்டம் இல்லன்னா சொல்லிடுங்க, போய்ட்டே இருக்கோம்!"

எதிரே சந்தனக் கிண்ணத்தோடு நின்றவர் சின்னசாமி. ஜவ்வாது மலையில் சாமை பயிரிடுகிறவர், பெண்ணின் அப்பா. திரும்பத் திரும்பச் சந்தனம் வைத்துப் பார்த்தார். விரல் நெற்றிக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. சந்தனம் சம்மந்தியின் வெள்ளை வேட்டியில் சொட்டியது.

எழுபதுகளின் கடைசி அது. கண் சிகிச்சை முகாம்களில் நான் உதவியாளர். போளூர் முகாமில் சின்னசாமிக்கு ஒரு கண்ணில் கேட்டராக்ட் ஆபரேஷன் செய்திருந்தார்கள். இன்னொரு கண்ணில் புரை அப்படியே இருந்தது. அந்தக் காலத்தில் கண்ணின் லென்ஸை எடுத்துவிட்டுத் தடித்த ப்ளஸ் கண்ணாடி கொடுப்போம். அதில் பார்த்தால் எல்லாம் பெரிதாக, கிட்டத்தில் இருப்பதுபோலத் தெரியும். அன்று காலைதான் ஜீப்பில் கொண்டுபோய் அவருக்கு மாட்டிவிட்டேன். விரலை எண்ணச் சொன்னேன், சரியாக எண்ணினார்.

"என் மாடு இன்னா சார், யான கணக்கா நிக்குது!" என்றார். இருவரும் சிரித்தோம். நிச்சயதார்த்தம், சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்று என்னை உட்காரவைத்துவிட்டார்.

சத்தம் கேட்டு இலையை விட்டு எழுந்து ஓடினேன்.

"ஐயா, அவருக்குக் கண்ணாடி புதுசுங்க" என்றேன்.

"தெரியலன்னா கண்ணாடி எதுக்குய்யா? தெரிஞ்சா ஏன் எட்டல?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

நியாயமான கேள்வி. விளக்க நேரமில்லை. சின்னசாமியின் காதில் சொன்னேன்: "கண்ண நம்பாதீங்க. எடது கையால மொதல்ல அவரு தாடையப் புடிங்க. அங்கேர்ந்து மேல போங்க."

இடது கை காற்றைத் துழாவிக்கொண்டே போய்த் தாடையைக் கண்டுபிடித்தது. மறுபடி தவறிவிடுமோ என்ற பயத்தில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சந்தனம் நடுநெற்றியில் விழுந்தது.

மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்கம்மா போனப்பறம் என் தாடைய யாரும் இப்பிடிப் புடிச்சதில்ல சம்மந்தி."

பின்னால் நின்ற மாப்பிள்ளையின் தாய்மாமன் தாடையை நீட்டினார். "பாசம் அவருக்கு மட்டுந்தானா?"

பிறகு வந்திருந்த ஆண்கள் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். என் இலையில் சோறு ஆறிப்போனது.

அதிலிருந்து, கண்ணாடி மாட்டியவுடன் யாரையும் நான் வீட்டுக்கு அனுப்பியதில்லை. டம்ளரில் தண்ணீர் ஊற்றச் சொல்வேன், படி இறங்கச் சொல்வேன். கண் காட்டும் தூரத்தைக் கை பழகிக்கொள்ளச் சில வாரங்கள் ஆகும் என்று வீட்டாரிடமும் சொல்லிவிடுவேன்.

"விரலை எண்ணிட்டார் சார், அனுப்பிடலாமா?" என்று வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள்.

"இருப்பா, மொதல்ல எனக்குக் கை குடுக்கட்டும்" என்பேன்.