கொதித்தும் வேகாத கஞ்சி

இந்த ஏமன் மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடுகிறது. கொதிப்பதோடு சரி, பருப்பை வேகவைக்க அதற்கு வக்கில்லை. ஊரிலிருந்து வரும் எவனும் முதல் நாள் மளிகைக்கடைக்காரனைத்தான் திட்டுகிறான். நானும் திட்டினேன். பழவேற்காடு ஏரியில் மீன்பிடிக்கப் போகும்போது படகிலேயே பொங்கிப் பழகிய கை என்று பீற்றிக்கொண்டுதான், எழுபதுகளின் கடைசியில், இந்தச் சாலை முகாமுக்குச் சமையல்காரனாக வந்தேன். படகில் பானையை மூடமாட்டோம். பொங்கி வழிந்தால் அடுப்பு அணைந்துபோகும். இங்கேயும் திறந்தே வைத்தேன்.

என்னை அழைத்து வந்த அன்வர் பாய் பழவேற்காட்டுக்காரர், முகாமில் லாரி ஓட்டினார். இரண்டாம் குளிர்காலத்தில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டியது, தொண்டை புண்ணாகியது. மண் சரிந்து பாதை அடைபட்டதால் ஆஸ்பத்திரிக்கும் வழியில்லை, மண்ணெண்ணெயும் அளந்துதான். பருப்புப் போட்ட கஞ்சி கேட்டார். பானையில் தண்ணீர் வற்றியதே தவிர பருப்பு மசியவில்லை.

"இன்னாடா, கிருஷ்ணாயில மிச்சம் புடிக்கிறியா? எனக்குப் போயா?" என்றார். அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. வடிகட்டிய நீரைக் கொடுத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முகாமுக்கு ரொட்டி கொண்டுவரும் உள்ளூர்ப் பெண் ஒருத்தி இதைப் பார்த்தாள். பானையை மூடி, விளிம்பில் மாவை அப்பி, மேலே ஒரு பாறாங்கல்லைத் தூக்கி வைத்தாள். பாயின் அறையைக் காட்டி, "ஹஜர், ஹஜர்" என்று கைகளால் அழுத்திக் காட்டினாள். அவர் கதை முடிந்தது, புதைத்து மேலே கல்லை வைத்து மூடிவிடு என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். கல்லை வெளியே எறிந்து, அவளையும் விரட்டினேன். நான்காம் நாள் பாய் போய்விட்டார். மலையிலேயே அடக்கம் செய்தோம்.

மாதங்கள் கழித்து ஒரு மலையாளி சர்வேயர் சொன்னார்: உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைவு, அதனால் குறைந்த சூட்டிலேயே தண்ணீர் கொதித்துவிடும், மூடி கனத்தால் ஆவி அடைபட்டுச் சூடு ஏறும். 'ஹஜர்' என்றால் அரபியில் கல் என்பதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. அன்றே கல் வைத்துப் பார்த்தேன். பருப்பு வெண்ணெயாகக் குழைந்தது. மொத்தத்தையும் கீழே கொட்டினேன்.

அடுத்த ரம்ஜானில் ஊருக்குப் போனபோது, பாயின் மனைவி பானு அக்கா கேட்டாள்: "கடைசியா இன்னா சாப்ட்டாரு?"

"கஞ்சிதான்க்கா."

"கொழைய வச்சியா?"

"கொழையத்தான் வச்சேன்."

"அது போதும்டா, நல்லா இருப்பே," என்று அழுதுகொண்டே நோன்புக் கஞ்சியை ஊற்றித் தந்தாள். குடித்தேன். வழுக்கிக்கொண்டு இறங்கியது. இன்னும் ஊற்றினாள், அதையும் குடித்தேன்.

விடுப்பு பாதி மிச்சமிருக்கவே திரும்பிவிட்டேன். இங்கே பாயின் கபருக்கு நான் போவதில்லை. ஊருக்குப் போனால் அக்கா வீட்டுத் தெருவிலும் கால் வைப்பதில்லை.