புதுசு வரட்டும்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருடமாக ஊரார் ஏறி இறங்கும் லிஃப்டுகளைப் பார்த்துக்கொள்கிறார். வேலையில் அவருக்குத் தயக்கம் என்பதே கிடையாது. லிஃப்டைத் தாங்கும் இரும்புக் கயிற்றில் ஒரு பழந்துணியைச் சுற்றி ஓடவிடுவார். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே இழை அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அறுந்தது அளவுக்கு மேல் போனால் அன்றைக்கே லிஃப்டை நிறுத்திவிடுவார். பத்தாவது மாடிக்காரர்கள் மூச்சிரைக்க வந்து கத்தினாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். மோட்டார் மேல் உள்ளங்கையை வைத்தாரென்றால் அதற்கு என்ன நோவு என்று சொல்லிவிடுவார்.

அப்படிப்பட்ட மனிதர் வீட்டுக்கு ஒரு பொருள் வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். துணி துவைக்கும் மெஷின் வாங்கப் பதினோரு மாதம் யோசித்தார். பதினோரு மாதமும் துவைத்தது யார் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

இந்த முறை பிராசசர். கம்ப்யூட்டருக்கு மூளை மாதிரி உள்ளே இருக்கும் சின்னச் சில்லு. எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் ஐந்து வருடத்துக்கு முன் இவரும் மகளுமாகச் சேர்ந்து பூட்டியது, அதில் இருப்பதும் அப்போது போட்டதுதான். அதை இப்போதே மாற்றுவதா, நான்கு மாதத்தில் வரப்போகும் புதியதற்குக் காத்திருப்பதா என்பதுதான் கேள்வி.

கம்ப்யூட்டரில் இவருக்கு இருக்கும் ஒரே வேலை விளையாட்டு. மகள் வேறு ஊரில் விடுதியில் தங்கி பிசியோதெரபி படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அவள், அவளோடு படிக்கும் இரண்டு பேர், இவர் என்று நான்கு பேரும் அவரவர் இடத்திலிருந்து சேர்ந்து விளையாடுவார்கள். மலைப்பாதையில் ஒரு லாரியை ஒருவர் ஓட்ட, மற்ற மூவரும் கொள்ளைக்காரர்களிடமிருந்து அதைக் காப்பாற்ற வேண்டும். "எங்கப்பா சூப்பரா ஓட்டுவார்" என்று முதல் நாளே சொல்லி இவரை ஸ்டியரிங்கில் உட்காரவைத்தவள் மகள். கூட விளையாடும் பையன்களில் ஒருவனுக்குக் கேப்டன் என்று பட்டப்பெயர். குணமும் அதற்கேற்ற மாதிரிதான்.

ஹெட்ஃபோன் காதை அழுத்துகிறது என்று இவர் ஸ்பீக்கரில் வைத்துத்தான் பேசுவார். நானும் அதே அறையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருப்பேன். மகள் வாரம் முழுக்க எனக்குப் போன் செய்தாலும், அந்த இரண்டு மணி நேரம் அவள் சிரிப்பது போல் போனில் சிரிக்க மாட்டாள். அதற்காகவே உட்காருவேன்.

சிக்கல் என்னவென்றால், கொண்டை ஊசி வளைவு வரும்போதெல்லாம் திரை ஒரு நொடி அப்படியே நின்றுவிடும். மறுபடி ஓடும்போது லாரி பள்ளத்தில் கிடக்கும். "நான் திருப்பினேன், அதுதான் திரும்பல" என்பார் இவர். திரையின் மூலையில் பிராசசரின் சூடு தொண்ணூற்றேழு டிகிரி என்று காட்டும். "வயசாயிடுச்சு அதுக்கு" என்பார்.

ஒரு ஞாயிறு இவர் தண்ணீர் குடிக்க எழுந்துபோன நேரத்தில் கேப்டனின் குரல் கேட்டது.

"மெஷின்தான் ப்ராப்ளம்னா எவ்ளோ நாள் வேணாலும் பொறுத்துக்கலாம். அங்கிளுக்கே ஓட்ட வரலன்னா சொல்லிடு, வேற ஆளப் பாத்துக்கலாம்."

"மெஷின்தான்" என்றாள் மகள், பட்டென்று.

நான் திரும்பிப் பார்த்தேன். இவர் கையில் டம்ளரோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். வந்து உட்கார்ந்தார். அன்றைக்கே பிராசசர் வேட்டை ஆரம்பமாகிவிட்டது. ஓட்டத் தெரியாதவன் என்ற பேரை விட, மகளோடு இருக்கும் அந்த இரண்டு மணி நேரம் போய்விடுமோ என்ற பயம்தான் அவருக்கு. வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாதா என்ன?

கம்ப்யூட்டர் கடைக்காரர் தெளிவாகத்தான் சொன்னார். "உங்க போர்டுக்கு இந்த ஒரு மாடல்தான் சார் கடைசி. இப்பவே போட்டுக்கலாம். புதுசு வேணும்னா நாலு மாசம் பொறுக்கணும், போர்டு மெமரி எல்லாமே மாத்தணும்." இவர் வீட்டுக்கு வந்து வீடியோ பார்க்க ஆரம்பித்தார். ஒரு தாடிக்காரன் இப்போதே வாங்கு என்றான். இன்னொரு தாடிக்காரன் இப்போது வாங்குகிறவன் முட்டாள் என்றான். சாப்பிடும்போது முதல் தாடி பக்கம் இருப்பார். கை கழுவிவிட்டு வருவதற்குள் இரண்டாவது தாடி பக்கம் சாய்ந்திருப்பார். இப்படியே மூன்று வாரம்.

மகளுக்குப் போன் போட்டேன். "உங்கப்பாவ வாங்கித் தொலைக்கச் சொல்லும்மா. பாக்கவே பாவமா இருக்கு."

"வேணாம்மா. வெயிட் பண்ணச் சொல்லு."

"ஏன்டி?"

"வாங்கிட்டா அப்புறம் என்னத்தச் சொல்றது?" என்றாள். யாரிடம், எதை என்று கேட்பதற்குள் வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாள். படிக்கிற பிள்ளை ஏதோ சொல்கிறது என்று விட்டுவிட்டேன்.

நான்காவது சனிக்கிழமை காலையில் இவர் கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு விளையாட்டை ஓடவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார். நான் தூசி தட்ட வந்தேன். பிராசசரின் சூட்டை இழுத்து வெளியே தள்ளுவதற்கு அதன் மேல் கூலர் என்று ஒரு அலுமினியக் கட்டை இருக்கும். தொடாதே என்பார் என்று தெரிந்தே தொட்டேன்.

"என்னங்க இது, சில்லுன்னு இருக்கு?"

"தொண்ணூத்தேழு டிகிரி ஓடுது, சில்லுன்னு இருக்காம்" என்று சிரித்தவர், கை வைத்துப் பார்த்தார். சிரிப்பு நின்றது. ஊரில் இருக்கும் மோட்டாரையெல்லாம் தொட்டுப் பார்க்கும் மனிதர், ஐந்து வருடத்தில் இதை ஒருமுறைகூடத் தொட்டதில்லை.

கம்ப்யூட்டரை நிறுத்தி, நான்கு திருகுகளைக் கழற்றிக் கூலரைத் தூக்கினார். அடியில் பளபளவென்று ஏதோ ஒட்டியிருந்தது. எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நான் வேலை செய்வது மூக்குக்கண்ணாடிக் கடையில். புதிதாக வரும் கண்ணாடிகள் மேல் கீறல் விழாமல் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை நாள் முழுக்க உரிப்பவள் நான். அதே தாள். மாட்டுவதற்கு முன் உரிக்க வேண்டியது. உரிக்காமலே மாட்டியதில் சூடு கூலருக்குப் போகவே இல்லை.

கம்ப்யூட்டரின் ஓரத்தில் ஒரு அட்டை தொங்கும். லிஃப்டுக்கு லிஃப்ட் வேலை பார்த்த தேதியும் கையெழுத்துமாக ஒரு அட்டை தொங்கவிடுவது இவர்கள் வழக்கம். அந்தப் பழக்கதோஷத்தில் இதற்கும் ஒன்று மாட்டியிருந்தார். திருப்பிப் பார்த்தேன். முதல் வரி, அப்போது பதினைந்து வயதான மகளின் குண்டு குண்டு எழுத்தில்: "கூலர் பொருத்தியாச்சு." பக்கத்தில், சரிபார்த்தவர் என்ற இடத்தில் இவருடைய கையெழுத்து, கீழே இரண்டு கோடு வேறு.

எனக்கு வயிறு வலிக்கும்வரை சிரிப்பு. அவரும் சிரித்தார். தாளை உரித்து, துடைத்து, புதுப் பசை தடவி மாட்டினார். அறுபது டிகிரிக்கு மேல் ஏறவில்லை. கடைக்காரருக்குப் போன் போட்டு ஒன்றும் வேண்டாம் என்று சொன்னார். "புள்ளகிட்ட நீ சொல்லிடாத, நாளைக்கு நானே சொல்றேன்" என்று தாளைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்தினார். அன்று முழுக்க ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

ஞாயிறு மூன்று மணி. திரை துடைத்துவிட்ட கண்ணாடி மாதிரி இருந்தது. துணி மடிப்பதை நிறுத்திவிட்டு நானும் பார்த்தேன். முதல் வளைவு தாண்டியது. இரண்டாவதும் தாண்டியது. மூன்றாவது வளைவில் திரை நிற்கவில்லை, ஒன்றும் ஆகவில்லை, இவர் தாமதமாகத் திருப்பினார், லாரி பள்ளத்துக்குப் போனது. அடுத்த ஆட்டத்திலும் அப்படியே. மூன்றாவது ஆட்டத்தில் நேர்ச்சாலையில், பட்டப்பகலில், ஒரு கம்பத்தில் போய் மோதினார்.

ஸ்பீக்கரில் யாரோ உச்சுக்கொட்டுவது கேட்டது.

"அங்கிள், இன்னும் மெஷின் மாத்தலையா?" என்றான் கேப்டன்.

இவர் வாயைத் திறந்தார். அதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "எங்கடா மாத்தறது? புதுசு வர இன்னும் மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் அந்த ஓட்டை மெஷின்தான். அப்பா என்ன பண்ணுவார் பாவம்!"

வாங்கிவிட்டால் அப்புறம் என்ன சொல்வது என்று அவள் கேட்டது எனக்கு அப்போதுதான் புரிந்தது. இவர் என்னைப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது என்று அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இருபத்திரண்டு வருடத்தில் தெரிந்து ஒரு அட்டையிலும் பொய்க் கையெழுத்துப் போடாத மனிதர். கை தானாகச் சட்டைப்பைக்குப் போய் அந்தத் தாளைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

"ஆமாப்பா" என்றார். "இப்ப வாங்கினா வேஸ்ட்டு. புதுசு வரட்டும்."

"சரி அங்கிள், வண்டிய எடுங்க" என்று பெருமூச்சு விட்டான் கேப்டன்.

"அப்பா, வளைவுல மட்டும் கொஞ்சம் முன்னாடியே திருப்புங்க" என்றாள் மகள். "உங்க மெஷின் லேட்டாதான் கேக்கும்."

"சரிம்மா."

ஐந்து மணிக்கு ஆட்டம் முடிந்தது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அந்தத் தாளை எடுத்து நாலாக மடித்துக் குப்பையில் போட்டார்.

"மூணு மாசம் கழிச்சு என்னங்க சொல்லப்போறீங்க?" என்று கேட்டேன்.

"அதுக்கு அடுத்தது ஒண்ணு வராமலா போயிடும்?" என்றார்.