மேலே அடிக்கச் சொன்ன ஆணி

என் புருஷனுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. நான் சொல்லவில்லை, அவரே சொல்லிக்கொள்வார். பெல்மதுளை கடைத்தெருவில் முதலாளிமாரின் தோளில் கை போட்டுப் பேசுவார். அந்தச் சிங்களம்தான் எங்கள் கூரையைக் கெடுத்தது.

மகளுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். ருவான்வெல்லையில் இருக்கும் சம்பந்தியம்மாவுக்கோ தோட்டத்தில் வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் லயத்து வீட்டின் மேல் துளி நம்பிக்கை இல்லை. கல்யாணப் பேச்சுக்கு வந்த அன்று எங்கள் காம்பராவில் மழை ஒழுகி அவருடைய புதுச் சேலை நனைந்ததை மனதில் முடிந்து வைத்திருந்தார்.

"எங்க வீட்டுல ஒரு சொட்டு ஒழுகாதுங்க" என்றார் போனில். "நானும் கூட வந்து பாப்பேன். ஒழுகுச்சுன்னா பிள்ளைய அப்பவே திருப்பிக் கூட்டிக்கிட்டுப் போயிருவேன்."

எனக்கு ஒரே மகள். அவளுக்கு வலி எடுக்கும்போது பக்கத்தில் நான் இல்லாமல் இந்தம்மாவா இருப்பார்?

கூரை வேலை தெரிந்த பாஸ் ஒருவரைப் பிடித்துக் கூரையைச் சரிபார்க்கலாம் என்றேன். "பாஸ் என்ன வானத்துலேருந்து குதிச்சவரா? நானே பாத்துக்கிறேன்" என்று புருஷன் கிளம்பினார். விட்டால் கடையையே வாங்கி வருவார் என்று நானும் பஸ் ஏறினேன்.

ஹாட்வெயார் கடை முதலாளி தங்கமான மனுஷர். தகரத்தையும் ஆணியையும் தாரையும் கட்டிக் கொடுத்துவிட்டு, "உடட்டம கஹன்ன" என்று அழுத்திச் சொன்னார். மேலேயே அடியுங்கள் என்று அர்த்தம். இவர் "ஹரி, ஹரி", சரி சரி என்று தலையாட்டினார். கடையை விட்டு இறங்கியதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"கூரைக்கு ஆணி மேல ஏறித்தானே அடிக்கணும்? கீழ படுத்துக்கிட்டா அடிப்பாங்க? இதையும் சொல்லித் தாறாரு பாரு."

நானும் அறிவு கெட்டுப்போய்ச் சேர்ந்து சிரித்தேன்.

கூரையில் ஏறினார். நெளிநெளியான தகரத்தில் பள்ளமாகப் பார்த்துப் பார்த்து ஆணி இறக்கினார். பள்ளத்தில் அடித்தால் மரம் சட்டென்று பிடிக்கிறதாம், அதைக் கண்டுபிடித்த பெருமை வேறு. எங்கள் லயத்தில் காம்பராக்கள்தான் தனித்தனி, கூரை எல்லாருக்கும் ஒன்று. வாங்கிய தகரம் எங்கள் காம்பராவை மூடியும் மிஞ்சியது. வெட்ட மனசு வராமல் மிச்சத்தைப் பக்கத்துக் காம்பராவின் மேல் இழுத்துவிட்டு அங்கேயும் ஆணி அடித்தார். எங்கள் பக்கத்து ஆணிகளுக்கெல்லாம் தார் பூசினார். பக்கத்துக் காம்பரா வரும்போது தார் தீர்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு சம்பந்தியம்மா வந்தார். பிளேன்டீயைக் கையில் வாங்கியவர் கிளாசைப் பார்க்கவே இல்லை, கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லி வைத்தாற்போல் மழையும் பிடித்தது. சாதாரண மழையா, நம் ரத்தினபுரிப் பக்கத்து மழை. ஒரு சொட்டு விழவில்லை. என் புருஷன் மீசையைத் தடவினார். எனக்கும் தலைகால் புரியவில்லை.

"பாத்தீங்களா சம்பந்தி?" என்று நான் வாயெடுத்தேன். அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுக்காரியின் குரல் வந்தது.

"அக்கா! ஒங்க மழை எங்க வீட்டுல பெய்யுதுக்கா! மாதா படமெல்லாம் நனையுது!"

எங்கள் சுவர்கள் கூரை வரைக்கும் போகாது. ரகசியம் பேசவே பயப்படுவோம். நான் காது கேட்காதவள் போல முறுக்குத் தட்டை நீட்டினேன். புருஷன் எழுந்து டிவியைச் சத்தமாக வைத்தார். அந்தச் சத்தம்தான் பக்கத்து வீட்டுக்காரிக்கு ஆத்திரத்தை மூட்டியிருக்க வேண்டும். கட்டில் மேல் ஏறி நின்று கூட்டுகிற தும்புத்தடியால் தகரத்தின் ஓரத்தை ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். தகரம் அந்தப் பக்கம் எழும்பியதில் எங்கள் பக்கத்து ஆணிகளும் பிடுங்கிக்கொண்டன. மேலே தேங்கியிருந்த தண்ணீர் முழுவதும் இந்தப் பக்கம் புரண்டு, சம்பந்தியம்மாவின் தோளில் கொட்டியது.

போச்சு என்று நினைத்தேன். சம்பந்தியம்மா ஈரச் சேலையோடு எழுந்து நின்று, "பேக்க எடும்மா, போவோம்" என்றார்.

மகள் அசையவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"அத்த, ருவான்வெல்லையில நம்ம வீட்டு மழையும் பக்கத்துக் காம்பராவுலதானே பெய்யுது? அங்க ஆளு இல்ல. அதனால யாரும் கத்தல."

முதலில் சிரித்தவள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவள்தான். சம்பந்தியம்மா முகத்தை உம்மென்று வைத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. முந்தானையால் தோளைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் கட்டிலச் சுவரோரமா இழுங்க. இவ தலைமாட்டுல சொட்டக் கூடாது" என்றார்.

நானும் சம்பந்தியம்மாவுமாகத்தான் கட்டிலை இழுத்தோம்.

மழை விட்டதும் சம்பந்தியம்மா தனியாகக் கிளம்பினார். வாசலில் நின்று, கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு என் புருஷனிடம் திரும்பினார்.

"உடட்டம கஹன்னன்னு கடையில சொல்லலியா?"

"சொன்னாங்க சம்பந்தி. மேல ஏறித்தான் அடிச்சேன்."

சம்பந்தியம்மா உள்ளங்கையைத் தகரம் போல நெளித்துக் காட்டினார். "தகரத்தோட மேட்டுலங்க. பள்ளத்துலதான தண்ணி ஓடும்? எங்க வீட்டுக்காரரும் ஒங்கள மாதிரிதான். அவருக்கும் நல்லாச் சிங்களம் தெரியும்."

புருஷன் "ஹரி, ஹரி" என்றார். சத்தமே வரவில்லை. மகள் எனக்குப் பின்னால் நின்று சிரித்தாள். சிரிக்கும்போது அவள் வயிறு என் முதுகில் முட்டிக்கொண்டே இருந்தது.