ஆள் வராத குவாரி

எங்கள் மகள் பத்தொன்பது நாள் இருந்தாள். ஆஸ்பத்திரியில் முதலில் மஞ்சள் காமாலை என்றார்கள், பிறகு காய்ச்சல் என்றார்கள். பாதிரியார் வந்து சேர்வதற்குள் தாதி ஒருத்தியே நெற்றியில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தாள். சுவா சூ காங் கல்லறையில் அடக்கம் செய்துவிட்டு, தோ பாயோவில் இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பினோம். எழுபதுகளின் பிற்பாதி. எனக்கு இருபத்தாறு வயது. சட்டை தைக்கும் ஃபேக்டரியில் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். என் புருஷன் துறைமுகக் கிடங்கில் கிளார்க்.

அதன் பிறகு வீட்டில் பேச்சு நின்றுபோனது. சோறு போடட்டுமா, லைட்டை அணைக்கட்டுமா, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் என்னைத் தேக்கா மார்க்கெட் வாசலில் விட்டுவிடுவார். "நீ சாமான் வாங்கிட்டுப் போ. எனக்கு வேலை இருக்கு" என்பார். சாயங்காலம்தான் வீடு வருவார். தலை ஈரமாக இருக்கும். பையில் சுருட்டி வைத்த துண்டில் பாசி வாடை அடிக்கும். பல வாரம் அதைத் துவைத்துக் காயப்போட்டேனே தவிர, ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேறு பெண்ணோ என்றுகூட நினைத்தேன். ஆனால் அந்தச் சந்தேகத்தோடு பாசி வாடை ஒட்டவில்லை.

ஒரு ஞாயிறு மீன் வாங்கப் போகாமல் அவர் பின்னாலேயே போய் அதே பஸ்ஸில் ஏறினேன். திரும்பிப் பார்த்தார். இரண்டு டிக்கெட் வாங்கினார்.

புக்கிட் தீமா தாண்டி இறங்கி, ரப்பர் மரங்களுக்கு நடுவே அரை மணி நேரம் நடந்தோம். முதலில் ஓர் இடிந்த பங்களா வந்தது. குவாரி நடந்த காலத்தில் வெள்ளைக்கார மேனேஜர் இருந்த வீடாம். கூரை உள்ளே விழுந்திருந்தது. குளியலறைத் தொட்டிக்குள் பெரணி முளைத்திருந்தது. பங்களாவுக்குப் பின்னால் பாறை செங்குத்தாக இறங்க, கீழே பச்சைத் தண்ணீர். கல் வெட்டி எடுத்த பள்ளத்தில் வருஷக்கணக்கில் தேங்கிய மழை. ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை.

அவர் சட்டையைக் கழற்றிவிட்டு ஓரத்துப் பாறைத் தடம் வழியே இறங்கி நீந்தினார். எனக்கு நீச்சல் தெரியாது. பங்களாவின் பின்படியில் உட்கார்ந்து, அவர் தலை அக்கரைக்குப் போய் இக்கரைக்கு வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தை போன பிறகு அன்றுதான் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

பிறகு ஞாயிறுதோறும் இருவருமாகப் போனோம். மற்றவர்கள் சாங்கி கடற்கரைக்கும் செந்தோசாவுக்கும் போனார்கள். அங்கே போனால் பூசையில் பார்த்த யாராவது எதிரில் வந்து, "இன்னும் ஒண்ணும் விசேஷம் இல்லையா?" என்று கேட்பார்கள். அதனால் ஆள் வராத இடமாகத் தேடினோம். மேற்குக் கரையில் ஜப்பான்காரன் சண்டைக்கு முன்பு வெள்ளைக்காரன் கட்டிய பீரங்கி மேடை ஒன்று, மண்டாய் பக்கம் காட்டுக்குள் ஓர் ஓடை, காலி செய்யப்பட்ட கம்பத்துக் கிராமத்தில் சிமெண்டுத் தரைகள் மட்டும் மிஞ்சிய வீடுகள். அந்தத் தரைகளில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டிருக்கிறோம். ஆனாலும் குவாரிக்குத்தான் திரும்பத் திரும்பப் போனோம்.

இரண்டாம் வருஷம் ஒரு ஞாயிறு அங்கே போனபோது, தண்ணீர் ஓரம் பாறை மேல் ஒரு ஜோடி ஷூ இருந்தது. பக்கத்தில் பேண்டும் சட்டையும் இஸ்திரி மடிப்பில் வைக்கப்பட்டிருந்தன. அவற்றின் மேல் கைக்கடிகாரம், அதன் மேல் மூக்குக்கண்ணாடி. தண்ணீரில் யாரும் இல்லை.

அவர் இரண்டு மூன்று முறை குரல் கொடுத்தார். பிறகு சட்டையோடே குதித்தார். முங்கி எழுந்து, மூச்சு வாங்கி, மறுபடி முங்கினார். உதடு நீலமாகிவிட்டது. "போதும், மேல வாங்க" என்று கெஞ்சினேன். காதில் வாங்கவில்லை. நான் சாலை வரை ஓடி, சீனர் மளிகைக் கடையில் தெரிந்த மலாயில் சொல்லிப் போலீசுக்குப் போன் செய்ய வைத்தேன்.

முக்குளிப்பவர்கள் அந்த ஆளைப் பிணமாக வெளியே கொண்டுவர மதியம் தாண்டிவிட்டது. நாற்பது வயதிருக்கும். யார், எந்த ஊர், எங்களுக்குக் கடைசி வரை தெரியவில்லை. போலீஸ்காரர் எங்களிடம் மலாயில், இங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். சும்மா வருவோம் என்றேன். என்னையும் என் புருஷனின் ஈரச் சட்டையையும் பார்த்து எழுதிக்கொண்டார்.

பஸ் ஸ்டாப்பில் நின்றபோது எனக்குக் கேட்கத் தோன்றியது.

"இந்த எடம் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"பாப்பா கல்லறையைப் பாத்துட்டுத் திரும்புறப்ப பாதியில எறங்கிட்டேன். நடந்தேன்."

"எதுக்கு?"

சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த ஆளு எதுக்கு வந்தானோ, அதுக்குத்தான்."

அவரே சொன்னார். "முடியல லா. நீச்சல் தெரிஞ்ச ஒடம்பு, கை தானா அடிக்குது. கரையேறி அந்தப் படியில ஒக்காந்து அழுதேன். அடுத்த வாரமும் அதே நெனப்புல வந்தேன். அப்புறம் குளிக்கிறதுக்குன்னே வர ஆரம்பிச்சிட்டேன்."

எனக்குப் பரிதாபம் வரவில்லை. அந்த ஞாயிறுகளில் நான் தேக்காவில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் வராமல் போயிருந்தால் எங்கே தேடுவது என்றுகூட எனக்குத் தெரிந்திருக்காது. கையில் இருந்த பையால் அவர் தோளில் அடித்தேன். மறுபடியும் அடித்தேன். பெஞ்சில் இருந்த சீனத்தி எழுந்து தள்ளி நின்றாள். அவர் தடுக்கவில்லை. பஸ் வந்தது, ஏறினோம்.

குவாரிக்கு வேலி போட்டுவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். நாங்கள் போய்ப் பார்க்கவில்லை. வேறு இடம் தேடவும் இல்லை. அவர் அதற்குப் பிறகு எந்தத் தண்ணீரிலும் இறங்கவில்லை. எங்களுக்கு வேறு குழந்தையும் பிறக்கவில்லை.

எண்பதுகள் பிறந்த பிறகு நான் தோ பாயோ நீச்சல் குளத்தில் சேர்ந்தேன். முப்பது வயதில் நீச்சல் உடையில் நிற்க உடம்பெல்லாம் கூசியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரித்தன.

"இந்த வயசுல இது எதுக்கு?" என்று அவர் கேட்டார்.

"நீங்க எங்கயாச்சும் எறங்குனா, பின்னாடி நானும் எறங்கணும்ல."

அடுத்த வாரத்திலிருந்து அவர் என்னோடு வந்து, மேலே சிமெண்டுப் படிகளில் உட்கார்ந்திருந்தார். பேப்பரை விரித்து வைத்திருப்பார், படிக்க மாட்டார். குளத்து ஓரக் கம்பியை விட்டுவிட்டு ஆழமான பக்கத்தில் நான் முதல்முறை நீந்திய அன்று, அவர் எழுந்து நின்றுவிட்டார். நான் மறுபக்கச் சுவரைத் தொடும் வரை உட்காரவில்லை.