வெயிலை ஒரம்பரை என்றவர்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் ஜெர்மனியில் ஒரு நதி ஊருக்குள் புகுந்ததைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கம்பெனிக்குப் பல வருடமாக ஆர்டர் தரும் பையர் ஒருவரின் ஊர் அந்தப் பக்கம்தான். செல்லமுத்து அண்ணனிடம் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தேன். எடுத்த கையிலேயே அது அடித்தது. திரையில் அவர் பெயர்.

"நூறு ஆயுசுங்கண்ணா, இப்பத்தான் உங்களக் கூப்புடலாம்னு..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

பேசியது அவருடைய மகன். "அப்பா போயிட்டாருங்கக்கா. காட்டுக்குப் போனவரு வேலியோரத்துல கெடந்தாரு" என்றான்.

நூறு ஆயுசு என்ற சொல் என் வாயிலிருந்து போய் அவன் காதில் விழுந்தது.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவரை நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பனியன் கம்பெனியின் மூத்த மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரரிடம் ஆர்டர் பிடிப்பதிலிருந்து சரக்குப் பெட்டி லாரி ஏறும்வரை பின்னாலேயே ஓடுகிற வேலை. சொந்த ஊர் குண்டடம் பக்கம். பெரிய சண்டைக்காரர். சாயப்பட்டறைக்காரரிடம் போனில் கத்தினால் ஆபீஸ் கண்ணாடி அதிரும். ஆனால் எவ்வளவு கோபம் வந்தாலும் மரியாதை மட்டும் குறையாது. "ஏனுங்க, உங்களுக்கு மனசாட்சினு ஒண்ணு இருக்குதுங்களா இல்லீங்களா?" என்பார். பக்கத்து மேஜையில் உட்கார்ந்து சிரிப்பை அடக்குவது என் வேலைகளில் ஒன்றாக இருந்தது.

ஜப்பானில் நிலநடுக்கம் வந்த ஒரு நாள். அங்கிருந்து எங்களுக்கு ஆர்டர் தரும் அம்மையாரிடம், சரக்கு அனுப்பும் தேதி மாறுமா என்று கேட்டு எழுதச் சொல்லி முதலாளி என்னிடம் ஆள் அனுப்பினார். நான் மெயிலைத் தட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"அம்மிணி, எழவு ஊட்டுக்குள்ள நொழைஞ்சதும் எருமை பால் கறக்குதான்னா கேப்பாங்க? அத அழிங்க மொதல்ல. ஊட்டுல எல்லாரும் நல்லா இருக்கறாங்களான்னு கேளுங்க. சரக்கு எங்க ஓடிப் போகுது?"

அழித்தேன். நலம் கேட்டு ஒரே ஒரு வரி போனது. பதிலில் அந்த அம்மையார், தன் மகளின் பள்ளியில் பிள்ளைகள் பஞ்சு வைத்த குல்லாயைத் தலையில் போட்டுக்கொண்டு வரிசையாக மைதானத்துக்கு வந்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தார். பூமி ஆடினால் இப்படி வெளியே வர மாதாமாதம் பழக்குவார்களாம். அண்ணனுக்கு அது ஆச்சரியம் தாங்கவில்லை. சாம்பிள் அலமாரியிலிருந்து தடித்த துணியில் தைத்த சட்டை ஒன்றை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு செக்கிங் செக்‌ஷன் முழுக்கச் சுற்றி வந்தார். நம் கம்பெனியிலும் பழக்க வேண்டும் என்று அடம்பிடித்து ஒருநாள் மணி அடிக்கவும் வைத்தார். டீ மணி என்று நினைத்து எல்லோரும் கேன்டீனுக்குப் போய்விட்டார்கள். அவரும் போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து, "போவுது, வெளிய வந்தாங்கல்ல" என்றார்.

துருக்கியில் நிலநடுக்கத்தில் கட்டடங்கள் சரிந்தபோது எங்கள் ஊரே துணி கொடுக்கக் கிளம்பியது. மனசு பெரிசுதான், ஆனால் நம்மவர்கள் கையில் இருந்ததை அள்ளிப் போட்டார்கள். கோடைக்குத் தைத்த அரைக்கைச் சட்டைகளும், தையல் பிசகித் தள்ளிவைத்த பீஸ்களும். "பனியில நிக்கறவங்களுக்கு இதத்தான் குடுப்பீங்களாங்க? உங்க ஊட்டுப் புள்ளைக்குப் போடுவீங்களா?" என்று அண்ணன் பெட்டிகளைப் பிரிக்க வைத்தார். கம்பெனி கம்பெனியாகப் போய் சண்டை போட்டுக் குளிர்சட்டைகளாக வாங்கி நிரப்பினார். அந்தச் சண்டையில் முறிந்த சிநேகங்களில் ஒன்றிரண்டு கடைசிவரை ஒட்டவே இல்லை. அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதும் இல்லை.

ஒடிசாவில் புயல் கரையைக் கடந்த நாளை மறக்க முடியாது. தைத்த துணியில் பிழை பார்க்கும் செக்கிங்கில் இருக்கும் பிரமிளா அந்தக் கடற்கரையைச் சேர்ந்தவள். வீட்டுக்கு லைன் கிடைக்கவில்லை. நடக்க முடியாத அப்பா அங்கே. அண்ணன் அவளைத் தன் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, அன்று முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்தார். சாயங்காலம் லைன் கிடைத்தது. கூரை போய்விட்டது, அப்பா பிழைத்துவிட்டார். புயலுக்கு முதல்நாளே ஊர்க்காரர்கள் வீடு வீடாக வந்து கதவைத் தட்டி, அப்பாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய்ப் புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் சேர்த்திருக்கிறார்கள். பிரமிளா அழுதுகொண்டே சொன்னாள். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"கேட்டீங்களா அம்மிணி? காத்து வர்றதுக்கு முன்னாடியே வந்து தட்டியிருக்கறாங்க."

உலகத்தில் எங்கே பூமி ஆடினாலும், காற்று வீசினாலும், தண்ணீர் ஏறினாலும் பதறிய மனிதர் வெயிலுக்கு மட்டும் பயப்படவில்லை. மழை பொய்த்து வெள்ளாமை போனதால்தான் அவர் குண்டடத்தை விட்டுத் திருப்பூர் வந்தார். அப்படியும் வெயிலை ஒரு ஆபத்தாக அவர் எண்ணியதே இல்லை. ஆடு மேய்கிற கொஞ்சம் நிலம், எங்கள் பேச்சில் காடு, அங்கே மிச்சமிருந்தது. ஞாயிறானால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளுவைச் செடி வேலியைச் சரிபண்ணப் போய்விடுவார். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைகூடச் சொன்னேன், "இந்த வெயில்ல மத்தியானம் காட்டுல நிக்காதீங்கண்ணா" என்று.

"போங்கம்மிணி. குண்டடத்துக்காரனுக்கு வெயில் ஒரம்பரைங்க. வரும், நாலு நாள் இருக்கும், போயிரும். ஒரம்பரைக்குப் பயந்து ஆராவது ஊட்டுக்குள்ள ஒளிவாங்களா?"

சொந்தக்காரன் வந்து தங்குவதைப் போலத்தான் அவர் அதை நினைத்தார். அவரை என்ன சொல்ல? எனக்கே அவர் பேச்சில் சிரிப்பு வந்தது. கிளுவை வேலிக்கு நிழல் கிடையாது. அந்த ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் பாட்டில் வண்டியிலேயே இருந்தது, மூடி திறக்கவில்லை.

வெயில் தாக்கித்தான் என்று டாக்டர் மகனிடம் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் துக்கம் கேட்க வந்தவர்கள் நெஞ்சுவலி என்றார்கள், வயசாச்சு என்றார்கள், யாரையும் படுத்தாமல் போன நல்ல சாவு என்றார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. என்ன நல்ல சாவு? ஆள் கூப்பிட்டால் கேட்காத தூரத்தில், பட்டப்பகலில், தனியாக. அங்கே ஒரு புயல் அடித்திருந்தால் ஊரே பேசியிருக்கும்.

கம்பெனி ஹாஸ்டல் பெண்களோடு பிரமிளாவும் வந்திருந்தாள். அழுது முடித்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "அக்கா, வெயிலுக்கு இங்க யாரும் வந்து கதவு தட்ட மாட்டாங்களா?"

அவள் குத்திக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள்.

இப்போதெல்லாம் சனிக்கிழமை சாயங்காலமானால் அவள் ஒவ்வொரு மேஜையாகப் போகிறாள். குண்டடம், குன்னத்தூர், கொமரலிங்கம் என்று ஊரில் காடு வைத்திருப்பவர்களிடம், "நாளைக்கு உங்க ஊட்டுல ஆரு காட்டுக்குப் போறாங்க?" என்று கேட்கிறாள். மறுநாள் மத்தியானத்துக்கு முன் அவர்களுக்குப் போன் போடுகிறோம். திட்டுகிறவர்கள் திட்டட்டும்.

அண்ணனிடமிருந்து எனக்கென்று மிச்சமிருப்பது மெயிலில் நலம் கேட்கும் அந்த ஒரு வரி. அடக்கம் முடிந்து ஆபீஸுக்கு வந்ததும், வெள்ளம் புகுந்த அந்த ஜெர்மன்காரருக்கு எழுதினேன். வீட்டில் எல்லோரும் நலமா என்று மட்டும் கேட்டேன். அண்ணனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீருக்கு நடுவில் நிற்பவரிடம் நம் வீட்டு எழவைச் சொல்லாதீங்கம்மிணி என்று அவரே தடுத்திருப்பார்.

மறுநாள் பதில் வந்தது. தண்ணீர் கீழ்வீட்டை நிறைத்துவிட்டது, நாங்கள் மாடியில் பத்திரமாக இருக்கிறோம், கேட்டதற்கு நன்றி என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே இன்னும் கொஞ்சம் இருந்தது.

"உங்கள் பக்கம் வெயில் மிகக் கடுமை என்று செய்தியில் பார்த்தேன். செல்லமுத்து எப்படி இருக்கிறார்?"